மைதானத்தில் எழுதிய கணக்கு

மாஸ்டர்,

நாளை எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா. காலையிலிருந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது என்னுடையதாகிவிட்ட தலைமையாசிரியர் அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்படியும் ஈரச் சுண்ணாம்பின் வாசம் உள்ளே வந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது சொல்வதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிகிறது.

அறுபதுகளின் நடுவில் நாம் இருவரும் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியில் கால அட்டவணை போடுவது என் பொறுப்பு. நான் சீனியர் கணக்கு வாத்தியார். சீனியருக்கு முதல் பீரியட் என்பது அங்கே எழுதாத சட்டம். காலையிலேயே பாடத்தை ஆரம்பித்துவிட்டால் கடைசிப் பீரியட் ஓய்வு. வீட்டுக்குப் போகும் அரூர் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய் ஜன்னல் ஓரம் இடம் பிடிக்கலாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு முதல் பீரியடில் இருந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வத்தல்மலை அடிவாரத்துப் பிள்ளைகள் வரும் ஒரே பஸ், பிரேயர் மணி அடித்து அரைமணி கழித்துத்தான் வரும். தாமதமாக வந்தவர்களை வகுப்புக்குள் விடக்கூடாது. முதல் பீரியட் முடியும்வரை அவர்கள் மைதானத்தில் நெருஞ்சிமுள் பொறுக்க வேண்டும். அதை மேற்பார்க்க வேண்டியவர் டிரில் மாஸ்டரான நீங்கள். வருஷம் முழுக்க முள் பொறுக்கினார்கள், கணக்கில் தோற்றார்கள். மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆசிரியர் கூட்டத்தில் ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தீர்கள். "ஏனுங்க சார், டிரில்லைக் காலையில வச்சுக்கிட்டு, கணக்கை மூணாவது பீரியடுக்குத் தள்ளிட்டா அந்தப் புள்ளைங்களுக்கும் கிடைக்குமுங்களே. பஸ்ஸு லேட்டா வர்றதுக்கு அதுங்க என்ன பண்ணுமுங்க?"

"விசில் ஊதறவரு டைம் டேபிள் போட ஆரம்பிச்சா, நாளையிலிருந்து நான் பந்து பொறுக்கப் போறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள். அதை நினைத்தால் இன்றும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதன்பிறகு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாலை டிரில் வகுப்பில், காலையில் என் பாடத்தைக் கேட்ட பிள்ளை ஒன்றையும் பஸ் பிள்ளை ஒன்றையும் ஜோடி சேர்த்தீர்கள். கோடு போடும் சுண்ணாம்புப் பொடியால் வாலிபால் கோர்ட்டில் அன்றைய கணக்கை ஆள் நீளத்துக்கு எழுதச் சொன்னீர்கள். பஸ் பிள்ளை அதைத் தப்பில்லாமல் போட்டு முடித்தால்தான் இருவர் கைக்கும் பந்து வரும். எனக்கு அது ஓய்வு நேரம். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "என் பாடத்தை மண்ணில் போட்டு மிதிக்கிறார்" என்று தலைமையாசிரியரிடம் கோள் சொன்னேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த கல்வி அதிகாரி, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பிக் கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னார். பஸ்ஸில் வரும் பெண். அவள் தயங்காமல் போட்டாள். அதிகாரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அவள் பெயருக்கு நேரே தினமும் தாமதம் என்று சிவப்பு மை.

"முதல் பீரியடே பார்க்காத பொண்ணு இவ்வளவு சுத்தமா போடுதே, யாரு செஞ்ச ஏற்பாடு இது?" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நீங்கள் வகுப்பு வாசலில் நின்றிருந்தீர்கள்.

"நான்தாங்க ஐயா. டிரில் மாஸ்டரும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினாரு" என்றேன்.

அந்த இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைவிடக் கேவலம். பொய்யைக்கூட எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி என்னைப் பாராட்டி எழுதினார். அட்டவணையையே மாற்றிவிடச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை முதல் காலையில் டிரில், மூன்றாவது பீரியடில் கணக்கு. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து அதை நகல் எடுக்க வந்தவர்கள் என்னைத்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். நீங்களோ டீக்கடையில் எனக்கும் சேர்த்து வடை சொல்லிவிட்டு, "மாத்திட்டாங்கல்ல சார், அது போதுமுங்க" என்றீர்கள். குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசினேன். நீங்கள் வாங்கித் தந்த கோப்பைகள், உங்கள் ஒழுங்கு, உங்கள் குரல் எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இறங்கி வந்தேன். இப்போது நான் நடத்தும் கூட்டங்களில் எல்லாரிலும் இளைய ஆசிரியரைத்தான் முதலில் பேசச் சொல்கிறேன். போன வருஷம் இரண்டு நல்ல மாற்றங்கள் அப்படித்தான் வந்தன. சாருக்குப் பெரிய மனசு என்று பேசிக்கொள்கிறார்கள். என் மனசு எவ்வளவு பெரிசு என்று எனக்கல்லவா தெரியும்.

போன வாரம் உங்கள் மகள் வந்திருந்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். "அப்பா வூட்ல எப்பவும் உங்களப் பத்திதானுங்க பேசுவாரு" என்றாள். "பஸ்ஸுல வர்ற புள்ளைங்களுக்கு வழி பண்ணுனது கணக்கு சாருதான், நீயும் அவரு மாதிரி வரணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க."

வீட்டிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை நீங்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "நல்லாப் படிம்மா" என்றுதான் வந்தது. இவருடைய நடத்தை நல்லது என்பதை நேரில் அறிவேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, குனிந்து என் காலைத் தொட்டாள், மாஸ்டர். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.