புதன்கிழமை ஒலித்த துக்க மணி

அன்பு மகன் அதெரித்தோவுக்கு அம்மா தெயோலிந்தா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மருமகள் சான்ட்ரினும் லக்சம்பர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா? அங்கே சாமான் கொண்டுவரும் வேன்காரர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், அவரிடம் இந்தக் கடிதத்தோடு பாஸ்கா ரொட்டி இரண்டும் ஆலிவ் எண்ணெயும் கொடுத்து அனுப்புகிறேன். ரொட்டிக்குள் வைத்த கறி இந்த வருடம் கொஞ்சம் உப்பு தூக்கல், என் நாக்கே சரியில்லை, எதைச் செய்தாலும் அலுப்பாக இருக்கிறது.

புதன்கிழமை இங்கே நடந்த கூத்து உன் காதுக்கு வந்ததோ இல்லையோ தெரியாது, அதனால் நானே எழுதுகிறேன். கோயில் மணி விரிசல் விட்டதிலிருந்து லேப்டாப்பில் பதிந்து வைத்த மணிதான் கோபுர ஸ்பீக்கரிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் பார்க்கும் பூசை நேரலையிலும் ஒலிக்கிறது என்பது உனக்குத் தெரியும், நீதானே எல்லாம் வைத்துக்கொடுத்தாய். போன சனிக்கிழமை சில்வீனோ கிழவரின் அடக்கம். ஆம்பளைக்கு மூன்று சுற்று அடிக்க வேண்டும், முதல் சுற்று முடிந்ததும் மழை கொட்டியது, சாமியார் கையைக் காட்டினார், நான் உன் ஏஐ உதவியாளனிடம் மணியை நிறுத்தச் சொன்னேன். மிச்சம் இரண்டு சுற்றும் உள்ளேயே நின்றுவிட்டன. பாவம் மனுஷன், பொண்டாட்டி அதட்டலில் வாழ்ந்தார், போகும்போதும் முழுசாக மணி கிடைக்கவில்லை.

அந்த மழையில் ஸ்பீக்கர் நனைந்துவிட்டது. குருத்து ஞாயிறுக்குள் சரிபார்க்கலாமே என்று புதன் மத்தியானம் போய், ஞாயிற்றுக்கிழமை மாதிரி எல்லாவற்றையும் தயார் செய், இரண்டு நிமிடம் கழித்து மணியைப் போடு என்று அதனிடம் சொல்லிவிட்டு வெளியே போய்க் கோபுரத்தடியில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரி என்றால் நேரலையும் சேர்த்துத்தானே, அது எனக்கு உறைக்கவில்லை. மணி என்றதும் சனிக்கிழமை பாதியில் நின்ற துக்க மணியை, அதுவும் முதலிலிருந்து இல்லாமல் நிறுத்திய இடத்திலிருந்து போட்டது. இரண்டே சுற்று. இரண்டு சுற்று என்றால் பொம்பளைச் சாவு. உள்ளே வந்தபோது, விட்ட இடத்திலிருந்து ஒலித்துவிட்டேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்கிறது. போதுமடா சாமி என்றேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. பாரிஸ், ஜெனீவா என்று நம் ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போன இடமெல்லாம் போனில் நேரலை மணியடித்திருக்கிறது. போனது தன் அம்மாதானோ என்று ஒவ்வொருவனுக்கும் பதற்றம், ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை, எல்லார் வீட்டிலும் போன் அலறுகிறது. பக்கத்து வீட்டு ஃபெலிஸ்மீனாவின் மகன் ஒராசியோ, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வாயே திறக்காதவன், தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். அவள், "நான் இன்னும் சாகலடா, அடுப்புல சூப்பு கொதிக்குது, அழுவுறத சீக்கிரம் அழுது முடி" என்றாளாம். என்னிடம் வந்து, "அடியே, மாசம் ஒருதடவ இப்படித் தப்பு பண்ணேன், புண்ணியமாப் போகும்" என்று சிரித்தாள். கண்ணெல்லாம் ஈரம். சாமியார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

நானும் வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ராத்திரி ஒன்பது மணி வரை இருந்தேன், அப்புறம் போய்ப் படுத்துவிட்டேன்.

உன்னைக் குறை சொல்லவில்லையப்பா. வேலையில் இருந்திருப்பாய். இல்லாவிட்டால், மணி அடிப்பதே அம்மாதானே, அம்மாவுக்கு எப்படி ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்திருப்பாய். முன்பென்றால் அது சரி. முன்பு ஞாயிறு பத்து மணிக்கு நீ போனில் இருந்துகொண்டு, "அம்மா அந்தப் பொத்தான் இல்லம்மா, அதுக்குக் கீழ, ஐயோ அதத் தொடாத" என்று கத்துவாய், பூசை முடிந்ததும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாய். நவம்பரில் இந்த உதவியாளனை வைத்துக்கொடுத்து, "இனிமே நீ எனக்குப் போன் பண்ண வேண்டியதே இல்லம்மா, இதுகிட்ட சொன்னாப் போதும்" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நானும் சரி என்றேன். அதிலிருந்து நீ ஆறு தடவைதான் பேசியிருக்கிறாய்.

இப்போது மணி அடிக்க நான் பக்கத்தில் இருக்கக்கூட வேண்டாம் அதெரித்தோ. நான் செத்துப்போனாலும் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அது எனக்கும் இரண்டு சுற்று அடித்துவிடும். அதை நீ யோசித்துப் பார்த்தாயா?

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். சான்ட்ரினுக்கு என் முத்தம். எண்ணெயைக் குளிரில் வைக்காதே, உறைந்துவிடும். உன் உதவியாளனை இன்று காலை அணைத்துவிட்டேன், எப்படி மறுபடி போடுவது என்று தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. குருத்து ஞாயிறு பத்து மணிக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்கு நிச்சயம் மறந்துபோகும். போனைக் கையில் வைத்திரு.

உன் அம்மா,
தெயோலிந்தா