ஜெபக் குழுவில் போட்டது

ஜூன் 4

என் ஆசை மகள் சுண்டெலிக்கு,

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கோபித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து, போன் செய்தால் நீ எடுப்பதில்லை. பெரியம்மா எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறாள். ரகசியம் என்றால் அவளுக்கு ஜீரணமாகாது. அதனால் பெரியப்பா ஓட்டும் பஸ்ஸில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இன்றைக்கு உன்னையே நினைத்துக்கொண்டு, டாக்டர் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி நின்றுவிட்டேன். கோட்டின் முதுகு கருகி ஒரு ஜன்னல். 'காத்தோட்டமா இருக்கும்'னு மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வேறு ஊர் சபையில் பாடுகிற பெண் என்று நீ சொன்ன சிநேகிதி, 'இன்னொரு போட்டோ அனுப்பு, அம்மாகிட்ட சொல்லாதே' என்று போட்டிருந்ததை உன் போனில் பார்த்தேன். அது பெண்ணே இல்லை என்று எனக்குப் பட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவோ கப்பல் வேலையில். அதனால் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில், 'என் மகளுக்காக ஜெபியுங்கள், எவனோ போட்டோ கேட்கிறான்' என்று போட்டுவிட்டேன். கோபம் போதும்டி. வீட்டுக்கு வா.

உன் வாய் ஓயாத
அம்மா

ஜூன் 6

அம்மாவுக்கு,

நீ ஜெபம் கேட்டாய். பாஸ்டர் அம்மா பாட்டுப் பயிற்சியில் என் தலைமேல் கையை வைத்து, எல்லார் முன்னாலும், "என்ன மாதிரி போட்டோம்மா அனுப்பின?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். ஆண்டவருக்குக் காது கேட்காதா? அவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே. நடுவில் எதற்கு எண்பது பேர்?

நான் வரமாட்டேன். நீயும் வராதே. மிச்சத்தை உன்னிடம் சொல்லப்போவதும் இல்லை. போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இங்கே வாசல் மணி அடித்தால்கூட நான் போய்த் திறப்பதில்லை.

உன் மகள்

ஜூன் 7

சுண்டெலிக்கு,

மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மணி அடித்தால் ஏன் திறப்பதில்லை? எவன் வருவான் என்று பயப்படுகிறாய்?

குழுவை விட்டு வந்துவிட்டேன். பாஸ்டர் அம்மா வீட்டுக்கே போய், "தப்பு என்னுது. இனிமே என் பொண்ணுகிட்ட யாரும் எதுவும் கேட்கக் கூடாது" என்றேன். "ரொம்பக் கோபப்படுறீங்க சிஸ்டர்" என்றார். "கோபம் இல்லீங்க, பயம்" என்றேன்.

குழந்தைகள் வார்டு நர்ஸம்மாவிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். அவரும் நம்புகிற மாதிரி நடித்தார், நல்ல மனுஷி. எதையும் அழிக்கக் கூடாதாம், பதிலும் போடக் கூடாதாம். போலீஸில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்களாம். அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் அவரிடமாவது சொல்.

போனைப் பிடுங்க மாட்டேன். திட்டவும் மாட்டேன். எந்தப் போட்டோ போயிருந்தாலும் நீ என் பிள்ளைதான்.

அம்மா

ஜூன் 8

அம்மா,

நர்ஸம்மாவை எனக்குத் தெரியாது. உன்னிடமே சொல்கிறேன்.

அது பெண் இல்லை. நான் அனுப்பியது யூனிஃபார்மில் ஒரே ஒரு போட்டோ. அதில் ஸ்கூல் பெயர் தெரிகிறது. பிறகு அவன் வேறு மாதிரி கேட்டான். நான் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் ஸ்கூல் வாசலில் வந்து நிற்பேன் என்றான். மறுநாள் நம் ஸ்கூல் கேட்டைப் படம் எடுத்து அனுப்பினான். அதனால்தான் ஓடி வந்தேன், உன்மேல் இருந்த கோபத்தால் மட்டும் இல்லை.

நேற்று போனைத் திறந்து பார்த்தேன். 'எந்த ஊருக்குப் போயிருக்கே?' என்று கேட்டிருக்கிறான். எதையும் அழிக்கவில்லை.

வாம்மா. குழுவில் போடாதே.

சுண்டெலி

ஜூன் 8, பஸ்ஸில்

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் பெரியப்பா கொடுத்ததும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கையில் கொடுப்பேன்.

நேராகப் போலீஸுக்குத்தான் போகிறோம். அங்கே நீ பேசு. நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் நடக்காத அதிசயம், நீயே பார்ப்பாய்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆம்பிளை எல்லாம் அவனாகவே தெரிகிறான். முன் ஸீட்டில் ஒருவன் போனைப் பார்த்துச் சிரித்தான். எட்டிப் பார்த்தேன், ஏதோ குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

இறங்கிவிட்டேன். தெருமுனையில் சுவரில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மாடி ஜன்னலில் நீ நிற்பது தெரிகிறது. கையை ஆட்டாதே. உள்ளே போ. வந்துவிட்டேன்.

அம்மா