சுழி ஏற்கப்படாது

பிப்ரவரி 3

மூன்றாம் கவுண்டர்காரருக்கு,

நலம். நீங்களும் நலமென்று உங்கள் தங்கை சொன்னாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். தாளில் சண்டை போட்டால் பதில் வர நான்கு நாளாகும். அதற்குள் கோபம் ஆறிவிடும்.

ஒரு உதவி வேண்டும். போயும் போயும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நம் பதிவுத் துறையின் இணையதளத்தைப் புதிதாக அமைக்கும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். கேள்விகளை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதுவது என் பங்கு. குழுவில் இருக்கும் நான்கு பேரில் ஒருவர்கூடக் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை. மக்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு வரைபடம் காட்டுகிறார்கள். பதினாறு வருடமாக அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஒரு வாரம் கவனித்து, குறித்து அனுப்புங்கள்.

முதலில் எடுத்திருப்பது தனிப்பதிவு விண்ணப்பம். குடும்பப் பதிவேட்டிலிருந்து ஒருவர் பிரிந்து போவதற்குப் போடுவது. மொத்தம் அறுபத்தொரு பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாம் இருவரும் பேசி முடிவு செய்து, நான் நிரப்பத் தொடங்கிப் பாதியில் விட்ட அதே விண்ணப்பம்தான். ஜூன் ஒன்றாம் தேதி புதுத் தளம் திறக்கிறது. அதன்பிறகு நமக்கும் சுலபமாக முடிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உதவி கேட்பதற்காகச் சொல்லவில்லை, பழக்கதோஷம்.

இப்படிக்கு,
தலைமை அலுவலகம், நான்காம் மாடி


பிப்ரவரி 12

நான்காம் மாடி அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. மேலிடத்து உத்தரவோ என்று பயந்து நின்றுகொண்டே படித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு தையல்கார அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஐயா, நான் எதை எழுதினாலும் இது செவப்பாக் காட்டுது. என்ன தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு." பிறந்த தேதியில் மாதத்தை முதலில் போட வேண்டுமாம். அதை எந்த மகராசனும் அங்கே எழுதி வைக்கவில்லை.

மறுநாள் ஒரு லாரி டிரைவர். பழைய பதிவு எண்ணைக் கேட்டதும் பரண்மேல் ஏறித் தேடியிருக்கிறார். இறங்கி வருவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டதென்று தளம் அவரை வெளியே தள்ளிவிட்டது. "மூணு தடவ ஏறி எறங்கிட்டேன் சார். பரண் சுத்தமாயிடுச்சு, விண்ணப்பம்தான் போகல."

'அனுப்பு', 'அழி' இரண்டு பொத்தானும் ஒட்டினாற்போல், ஒரே நிறத்தில் இருக்கின்றன. தினமும் இரண்டு பேராவது எல்லாவற்றையும் நிரப்பி, சுத்தமாக அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்துவிடுவேன். வேறென்ன செய்வது? மிச்சத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், ஒன்பது பக்கம்.

நம் விண்ணப்பம் பற்றி எழுதியிருந்தாய். அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகச் செய். ஜூன் என்றது ஆகஸ்ட் ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் நிச்சயமாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். என் சமையலைக் கொஞ்சம் தாமதமாகச் சாப்பிட்டாலும் நஷ்டமில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் கவுண்டர்


மார்ச் 2

கவுண்டர்காரருக்கு,

ஒன்பது பக்கத்தையும் கூட்டத்தில் வாசித்தேன். தையல்கார அம்மாவுக்கு எங்கள் குழுத்தலைவர் ரசிகராகிவிட்டார். தேதிக்கு மாதிரி போட்டாகிவிட்டது. பாதியில் விட்டதை மறுநாள் வந்து தொடரலாம். 'அழி' பொத்தானையே தூக்கிவிட்டோம்.

ஆனால் முப்பத்தெட்டாம் கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. 'உடன் வருபவர்கள் எத்தனை பேர்? (சுழி ஏற்கப்படாது)'. வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பிக்கிறவரோடு யார் எங்கே வருவது? இந்தக் கேள்வி எதற்கென்று இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்றேன். சட்ட அதிகாரி பதறிவிட்டார். "அம்மா, சுழி கூடாதுன்னு குறிப்பாப் போட்டிருக்காங்கன்னா அதுக்குப் பின்னால ஏதோ பெரிய காரணம் இருக்கும். தெரியாம கை வைக்காதீங்க." மூன்று கூட்டம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

எனக்கு அந்தக் கேள்வியைப் பார்த்தாலே ஆகாது. அன்றைக்கு நான் விட்ட இடமும் அதுதான். பூஜ்யம்தானே என்று சுழி போட்டேன், ஏற்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி சிவப்பு. சும்மா 'ஒன்று' என்று போட்டிருக்கலாம். யாரை நினைத்துப் போடுவது? மூடி வைத்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

இப்படிக்கு,
நான்காம் மாடி


மார்ச் 9

என் எஜமானிக்கு,

முப்பத்தெட்டாம் கேள்வியைப் பெற்ற பாவி நான்தான். அதற்குப் பின்னால் சட்டம் ஏதும் இல்லை. நாற்காலிதான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் தளமெல்லாம் கிடையாது, தாள்தான். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு இன்னொரு நாள் வருவார்கள். காத்திருக்கும் அறையில் ஐந்தே நாற்காலி. ஒரு விண்ணப்பத்துக்கு மாமன், மச்சான், சித்தி என்று ஏழு பேர் வந்து சுவரோரம் நிற்பார்கள். பக்கத்து அலுவலகத்தில் நாற்காலி கடன் வாங்க வேண்டுமென்றால் முதல் நாளே எண்ணிக்கை சொல்ல வேண்டும். அதனால் முதல் தாளின் அடியில் அந்தக் கேள்வியைத் தட்டச்சுக்காரரிடம் சொல்லிச் சேர்த்தேன். ஜனங்கள் சுழி போட்டுவிட்டு ஏழு பேராக வந்தார்கள். கோபம் வந்து, 'சுழி ஏற்கப்படாது' என்று சேர்த்தேன். பிறகு எங்கள் கிளையின் தாளையே மாதிரியாக வைத்துத் துறை முழுவதும் அச்சடித்திருக்கிறார்கள். தளத்திலும் அப்படியே ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. கவுண்டரில் யாராவது கேட்டால் "ஒன்னுன்னு போட்டுட்டு மேல போங்க" என்று வருடக்கணக்காகச் சொல்கிறேன். என் கைவேலை என்று எனக்கே உறைக்கவில்லை.

நீ நின்றுபோனதும் அங்கேதான் என்று படித்ததும் புரையேறச் சிரித்தேன். பக்கத்துக் கவுண்டர்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நான் செய்த முட்டாள்தனங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. உனக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று, "போறதுன்னா போ, நான் எங்கயும் வரமாட்டேன்" என்றேன். என் தங்கையை வைத்துக்கொண்டு வேறு. தப்பு என் பேரில். இரண்டு வருடமாக வாயில் வராதது தாளில் வந்துவிட்டது.

இப்படிக்கு,
மூன்றாம் கவுண்டர்


ஏப்ரல் 27

நாற்காலிக்காரருக்கு,

நாற்காலிப் பகுதியை மட்டும் கூட்டத்தில் படித்தேன்.  சட்ட அதிகாரி மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். கேள்வி போய்விட்டது. அதைத் தொடர்ந்து, காரணம் தெரியாத கேள்வி எல்லாமே போய்விட்டது. அறுபத்தொன்று இப்போது பதினான்கு. பெயர் திருத்தம், முகவரி மாற்றம் எல்லாமும் இதே மாதிரி சுருங்கி, ஒன்றாகத் திறக்கத் தயாராகின்றன.

நேற்று ஒரு டாக்சி டிரைவரை உட்கார வைத்துச் சோதித்தோம். நான்கே நிமிடம். முடித்தபிறகும் எழுந்திருக்கவில்லை. "அவ்ளோதானா? ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கே மேடம்." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மற்றப் பகுதியை யாருக்கும் காட்டவில்லை, பையிலேயே வைத்திருக்கிறேன். நானும் அன்று "வராதீங்க, நிம்மதியா இருப்பேன்" என்றேன். இருந்து பார்த்துவிட்டேன். நிம்மதி ஒன்றும் பிரமாதமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த விண்ணப்பம் சுலபமாக ஆக ஆக எனக்குப் பயமாயிருக்கிறது. முன்பெல்லாம் தளத்தைக் குறை சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இனி அந்தச் சாக்கு கிடையாது. நான் போட மாட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் போடுங்கள். நான்கு நிமிடம்தான்.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் இருப்பவள்


மே 26

அம்மையாருக்கு,

ஒன்றாம் தேதி விடுப்பு போட்டிருக்கிறேன். நன்றாக யோசித்துவிட்டேன். உன் தளத்தில் முதல் விண்ணப்பம் என்னுடையதாகத்தான் இருக்கும். படித்துவிட்டு என்னைத் திட்டாதே.

இப்படிக்கு,
மூன்றாம் கவுண்டர்


ஜூன் 1

என்னங்க,

உங்களைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். அப்படி ஒரு கடிதம் எழுதலாமா? அது வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

காலை பத்து மணிக்குத் திறந்தோம். எல்லோரும் திரையைச் சூழ்ந்து நின்றோம். பெயர் வராது, எந்த விண்ணப்பம் எத்தனை என்ற கணக்கு மட்டும்தான் வரும். பத்து இரண்டுக்குத் தனிப்பதிவு வரிசையில் 'ஒன்று' என்று விழுந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அங்கேதான் போன் அதிர்ந்தது. 'இவர் உங்கள் வீட்டுக்குக் குடிவர விண்ணப்பித்திருக்கிறார். உங்களுக்குச் சம்மதமா?' கீழே உங்கள் பெயர். தனிப்பதிவில் விழுந்தது வேறு யாருடையதோ, அவர்கள் நன்றாயிருக்கட்டும். நீங்கள் முகவரி மாற்றத்தில் போட்டிருக்கிறீர்கள்.

அந்த வாசகத்தை எழுதியவளே நான்தான். 'ஆட்சேபணை உண்டா' என்று போடச் சொன்னார் சட்ட அதிகாரி. இல்லை, 'சம்மதமா' என்றுதான் கேட்க வேண்டும் என்று இரண்டு கூட்டம் சண்டை போட்டேன். யாருக்காகப் போட்டேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. காரணம் எழுதும் பெட்டியை விருப்பத்துக்கு விட்டிருந்தோம். நீங்கள் நிரப்பியிருக்கிறீர்கள்: 'மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. வராவிட்டாலும் வந்திருப்பேன்.'

ஈரக் கையோடு வெளியே ஓடிவந்தேன். தளம் படுத்துவிட்டதா என்று குழுத்தலைவர் பயந்துவிட்டார். "இல்ல சார், நல்லா வேலை செய்யுது" என்றேன். 

சம்மதம் கொடுத்துவிட்டேன். 'உங்கள் விண்ணப்பம் ஏழு வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும்' என்று உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். அதை நம்பி அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். சனிக்கிழமை முதல் வண்டிக்கே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி