எந்த வீட்டு நம்பரை மாற்றுவது

மார்ச் 3
தங்கச்சி வழுக்கி விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டாளாம். அவள் மகன் என் மருமகளிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் இல்லை. எனக்கென்ன? அம்மா சாகக் கிடந்தபோது, பக்கத்து வீட்டில் போன் இருந்தும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாதவள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டம். மறப்பேனா?

மார்ச் 5
தூக்கம் வரவில்லை. முழங்கால் வலிதான்.

மார்ச் 6
மருமகளுக்குக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர்களை இணைத்துக் கொடுக்கிற வேலை. இன்று வந்து நின்றாள்.
"அத்தை, சித்தி கட்டில்கிட்ட ஒரு கேமரா இருக்கு. நம்ம டிவில பாக்கறீங்களா?"
"அவகூடப் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."
"பாக்க மாட்டேன்னு பண்ணலையே!"
வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.
அந்த வீட்டு ரூட்டருக்கும் நம் வீட்டு ரூட்டருக்கும் நடுவே ஒரு சுரங்கம் போடுவாளாம். வெளியார் யாரும் நுழைய முடியாது, இரண்டு வீட்டுக்கு மட்டும் வழி. இங்கேயும் ஒரு கேமரா வைத்தால் அவளும் என்னைப் பார்க்கலாம். சரி என்றேன். சும்மாதான்.

மார்ச் 10
சுரங்கம் போட்டாயிற்று, படம் வரவில்லை. இரண்டு வீட்டுச் சாமான்களுக்கும் ஒரே வரிசை நம்பராம். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு வீடு மாற்றியே ஆக வேண்டும்.
"நம்மளே மாத்திடலாம் அத்தை. அரை நாள் வேலை."
"நாம ஏன் மாத்தணும்? சின்னவ அவ. அவ மாத்தட்டும்."
"அங்க யாருக்கும் இது தெரியாதே."
"தெரியலைன்னா கத்துக்கட்டும்."

மார்ச் 14
அவள் மகன் மருமகளிடம் கேட்டானாம்: "பெரியம்மா என்ன சொல்றாங்க? அம்மா காலைலயே தலை சீவிவிடச் சொல்லி, கேமராவையே பாத்துக்கிட்டிருக்காங்க."
அவளுக்கு எப்போதும் அலங்காரம்தான்.

மார்ச் 15
நேர் வகிடா, கோண வகிடா? கேட்கவில்லை.

மார்ச் 21
அங்கே இன்னும் மாற்றவில்லை. நானும் விடவில்லை.

மார்ச் 27
"மாத்தித் தொலை" என்றேன். டிவி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் புது நம்பர் போட்டாள். நான் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
படம் வந்தது. சுவர். வெறும் சுவர்.
மருமகள் அங்கே போன் போட்டாள். அவன் மென்று விழுங்கினான். "அம்மாதான் திருப்பி வைக்கச் சொன்னாங்க. 'ஒரு நம்பரை மாத்த மனசு வராதவளுக்கு என் மூஞ்சி எதுக்கு'ன்னாங்க."
"நான் சொன்னதை அங்க யாரு சொன்னது? நீதானே?"
"அவங்க கேட்டாங்க அத்தை. எனக்குப் பொய் சொல்ல வரல."
கொழுப்பு. படுக்கைல கெடந்தும் கொழுப்பு அடங்கல பாரு. தலை சீவிக்கிட்டு காத்துக் கெடந்தியேடி— இன்னும் ஒரு வாரம் கெடந்தா என்ன?

மார்ச் 28
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2
"டிவிலேர்ந்து அந்தச் சுவரை எடுத்துடவா அத்தை?" என்றாள் மருமகள். "இருக்கட்டும்" என்றேன்.
சாயங்காலம் அந்த அறையின் ஜன்னல் வெயில் சுவரில் விழுகிறது. இன்று அதில் ஒரு நிழல். யாரோ முதுகைத் தாங்கி உட்கார வைக்கிறார்கள். கரண்டி வருகிறது. ஒரு கை அதைப் புறங்கையால் தள்ளிவிடுகிறது. அவள்தான். நாலு வயதிலும் அப்படித்தான் தள்ளுவாள். ஊட்டியவள் நான்தானே.
மருமகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே போய்விடும். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிடுவாள்.