சொத், சொதசொத, சொதப்பல்

மார்ச் 3
கேக்கில் விரலை வைத்ததும் 'சொத்' என்று ஒரு சத்தம். முதலில் அதைத்தான் கவனித்தேன். பிறகுதான் உறைத்தது. சர்க்கரைப் பாகை இரண்டு தடவை ஊற்றியிருக்கிறேன். தட்டு முழுக்கச் சொதசொத.

பேக்கரி மாஸ்டர் கத்தினார். "கேக் மேசைக்கு வந்த மறுநாளே சொதப்பிட்டியா? இன்னொரு தடவை இப்படி ஆச்சு, திரும்பத் தட்டு கழுவத்தான் போவே!"

பள்ளியை விட்டதிலிருந்து அந்தக் கழுவுகிற தொட்டியடியில்தான் கிடந்தேன். மறுபடியுமா? மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

மார்ச் 4
பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சொதப்பல் ராணி.

மார்ச் 5
"சொதப்பல்ங்கிற வார்த்தை எங்கேயிருந்துக்கா வந்துச்சு?"

"உங்கிட்டேயிருந்துதான்டி." சிரித்துச் சிரித்து, கல்லாவில் உட்காரும் அக்காவுக்கு விக்கலே வந்துவிட்டது.

பள்ளியில் தமிழ் டீச்சரைக் கேட்டிருக்கலாம். படிக்கிற காலத்திலேயே வாயைத் திறக்காதவள், இப்போது போய்க் கேட்பேனாக்கும்!

நானே யோசித்தேன். சேற்றில் கால் வைத்தால் சொத். நனைந்த ரொட்டி சொதசொத. அதிலிருந்துதான் சொதப்பல் வந்திருக்கும். சரியோ தப்போ, எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் ஈரம் கூடினாலே கெட்டுப்போச்சு என்று யார் முடிவு கட்டியது? அன்றைக்கு அந்தக் கேக்கை வழித்துத் தின்றவள் நான். நல்லாத்தானே இருந்துச்சு!

மார்ச் 8
கேட்டேவிட்டேன்.

"மாஸ்டர்... அதே மாதிரி ஒரு தட்டு செய்யட்டா?"

"என்னது, வேணும்னே சொதப்பப் போறியா?"

"ஆமா மாஸ்டர்."

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "வித்தா மேசை உனக்கு. விக்கலேன்னா தொட்டி."

மார்ச் 9
பாகில் எலுமிச்சைச் சாறு கலந்தேன். கேக்கைக் குட்டிக் கிண்ணங்களில் வைத்து, தாராளமாக ஊற்றினேன்.

"உன் சரக்கை நீயே வித்துக்கோ" என்று கல்லா அக்கா என்னை முன்னால் நிறுத்திவிட்டாள். மதியம்வரை ஒருவரும் சீண்டவில்லை. தொட்டிதானா?

மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, சொதசொதன்னு?"

"சொதப்பல்" என்றேன். என் குரலா அது? "அதாங்க அதோட பேரு."

அவர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. ஒன்று வாங்கினார், அங்கேயே நின்று தின்றார், இன்னும் நான்கு கட்டச் சொன்னார். அப்புறம் ஆளாளுக்கு, "எனக்கொரு சொதப்பல்!", "எனக்கு ரெண்டு!"

கடைசிக் கிண்ணத்தை மாஸ்டரே எடுத்துக்கொண்டார். வழித்து நக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு ரெண்டு தட்டு சொதப்பு."

மார்ச் 10
பாகு ஊற்றினேன். அப்புறம், இன்னொரு தடவை ஊற்றினேன்.