அஷ்டமியில் கப்பல் கிளம்பாது

நாள் 212. காலை 9:10
நிலவின் தென்முனை, படக்கூடம். ஆள் ஒருத்தி: நான், மரகதவல்லி. நாற்பது கணினிகளும் ஓடுகின்றன. காற்று, வெப்பம் சரி. வரைந்துகொண்டிருப்பது 'துருப்பிடிக்காத காதல்' என்ற அனிமேஷன் படம். வசனம் கிடையாது, எலக்ட்ரானிக் இசை மட்டும். ஒரு ரோபோ இன்னொரு ரோபோவைத் தேடி நிலவில் நடக்கிறது. அதற்குத் தலைமுடி வைத்து, காற்றில் பறக்கவிடச் சொல்கிறார் இயக்குநர் தனுஷ்கோடி. நிலவில் ஏதய்யா காற்று? பூமியில் ஏசி அறையில் இருப்பவருக்கு அதெல்லாம் எதற்கு!

நாள் 214. காலை 11:40
தனுஷ்கோடியின் குரல்செய்தி: "மரகதம், ஒரு சின்ன விஷயம்மா. மியூசிக்க லேசா ஸ்லோ பண்ணிட்டோம். நீ பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்க."

லேசாவாம்! ரோபோவின் ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழும்படி வரைந்திருக்கிறேன். இருபத்தொரு நிமிடப் படம் முழுவதையும் புதுத் தாளத்துக்குப் பொருத்தி, கணினிகளில் மறுபடி உருவாக்க வேண்டும். இசையை முதலில் முடியுங்கள் என்று ஏழு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தினேன்.

நாள் 215. மதியம் 2:05
விண்கல் விழுந்து சூரியத் தகடுகள் நொறுங்கிவிட்டன. இனி பேட்டரிதான். கணினிகளை அணைத்தால் மூச்சுக்காற்று ஐந்து நாள் வரும், ஓடவிட்டால் மூன்று. கம்பெனிக் கப்பல் வந்து சேர இரண்டு நாள். உடனே கிளப்புகிறோம் என்றார்கள். நம்பி ஓடவிட்டேன். என் பெயர் வரும் படம் அரைகுறையாகப் போகக் கூடாது.

நாள் 216. காலை 10:20
தனுஷ்கோடி: "கோவிச்சுக்காதம்மா. இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. புரொடியூசர் ஒத்துக்க மாட்டேங்குறார். தசமி விடிஞ்சதும் கப்பல் கிளம்பிடும், சத்தியமா."

சந்திரனைப் பார்த்துத்தானே திதி? அந்தச் சந்திரன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன், மடையர்களா! இப்போதே அணைத்தாலும் கப்பல் வருவதற்கு ஆறு மணி நேரம் முன்பே காற்று தீர்ந்துவிடும். அணைத்து என்ன பயன்? ஓடட்டும்.

நாள் 217. மதியம் 3:30
படம் முடிந்தது. அனுப்பிவிட்டேன். அப்போது ரேடியோவில் யாரோ கூப்பிட்டார்கள்: "அக்கா, இங்க நிலாச் சுரங்கத்துல டிரைவரா இருக்கேன், எபநேசர். விஷயம் கேள்விப்பட்டு வண்டி எடுத்துட்டேன். முப்பத்தாறு மணி நேரத்துல வந்துருவேன். எல்லாத்தையும் அணைச்சுட்டு அசையாம படுத்துக்கிடங்க."

அணைத்தேன். காற்று முப்பத்தெட்டு மணி நேரம் வரும். ஓவென்று அழுதேன். நான் வாழ வேண்டும்.

நாள் 218. காலை 9:00
தனுஷ்கோடி: "படம் பாத்தேன்மா, அழுதுட்டேன். ஆனா கடைசில ரெண்டும் கை கோக்குதே, மியூசிக் நின்ன பிறகும் விரல் அசையுது. உறுத்துது. முடியலன்னா விட்டுரு."

இந்த ஆளுக்குக் கண் கூட இருக்கிறதா என்ன? போட்டுப் பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். அசைகிறது. ஏழு மாதத்தில் முதல்முறையாகச் சரியாகச் சொல்லித் தொலைத்திருக்கிறான்.

திருத்த, கணினிகள் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். காற்றில் மூன்று மணி நேரத்துக்கு மேல் குறையும். கையில் மிச்சம் இருப்பது இரண்டு. கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை.

9:31
கணினிகளைப் போட்டுவிட்டேன்.

எபநேசர் தம்பி, திட்டாதே. உள்ளே வந்ததும் இடப்பக்கத் திரையில் படம் இருக்கும். எனக்கு அனுப்ப மின்சாரம் மிஞ்சாது; முதலில் அதை உன் வண்டியிலிருந்து அனுப்பிவிடு. அப்புறம் என்னைப் பார்.