வெளியே தொங்கிய பூட்டு

கண்ணு,

பென்ஷன் ஏன் நின்றதென்று நீ கேட்டபோது இருமி மழுப்பிவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள், நீ வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கப் போனபின், பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில் இருக்கிறாரா என்று சரிபார்க்க இரண்டு பேர் வந்தார்கள். வெளியே தொங்கிய பூட்டைப் பார்த்து, "ஊர விட்டே போய்ட்டாங்க, எழுதிக்கோ" என்றார் ஒருவர். நான் சுவரைப் பிடித்து நடந்துவந்து உள்ளிருந்து கதவைத் தட்டுவதற்குள் பைக் கிளம்பிவிட்டது. சுரங்கத் தூசி தின்ற நெஞ்சில் கத்தச் சத்தம் ஏது?

நான் விழுந்துவிடுவேனென்று பயந்துதானே பூட்டுகிறாய். கோபமில்லை.

நாளை பக்கத்துக் கோரமண்டல் குடியிருப்பில், ஊரார் முன் அதிகாரிகள் பதில் சொல்லும் கூட்டமாம். "நேர்ல வந்து நில்லுங்கண்ணா, அப்புறம் இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்று பக்கத்து வீட்டு இசபெல்லா ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

நாளை மட்டும் பூட்டாமல் போ, கண்ணு. விழுந்தாலும் அவர்கள் கண்ணெதிரே விழுகிறேன்.

உன் அப்பா